ஹாஜியார் விழுங்கிய ஈத்தம்பழம்

றம்லாவின் கல்யாணப் படங்களைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: என்ன வெட்கம், மாஷா அல்லாஹ்! படத்துக்குப் படம் அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை ஸாஹிர் பக்கத்தில் இருக்கும்போதும் மூடியிருக்கிறாள். மாமி நகை பூட்டும்போதும் மூடியிருக்கிறாள். புரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தும் மூடித்தான் இருக்கிறாள்.

வெட்கமாவது ஒன்றாவது. தலைப்புக்குப் பின்னால், கீழுதட்டின் இடது ஓரத்தில், கொத்தாகக் கொப்புளம். முதல் நாள் பின்னேரம் அந்த இடம் சுள்ளென்று ஊறியது. விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அலங்கரிக்க வந்த பெண்ணைப் பிடித்து ஒரு மூச்சுத் திட்டினாள். காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கமாக இறங்கும் அந்த ஒழுங்கை, அந்த ஒடுங்கிய தெரு, றம்லாவின் கோபத்தை முதன்முதலில் கேட்டது அன்றுதான். பிறகு கேட்காத கிழமை குறைவு.

கொப்புளம் அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. காய்ச்சல் வந்தால் வரும், வெயிலில் அலைந்தால் வரும், பரீட்சை என்றால் வரும், பெருநாளைக்குப் புதுச்சட்டை தைத்து வைத்தால் கட்டாயம் வரும். காரணம் பல்லி என்று ஒழுங்கை எப்போதோ முடிவு செய்திருந்தது. தூங்கும்போது பல்லி இறங்கி வந்து உதட்டை நக்கிவிட்டுப் போகிறதாம். இத்தனை ஆயிரம் உதடுகள் உள்ள ஊரில், வரிசை வரிசையாக வீடுகள் ஒட்டிக் கிடக்கிற ஊரில், இந்தப் பல்லிக்கு என்ட உதடு மட்டும் என்ன சீனிப்பாகா என்று அவள் கேட்டால் பதில் வராது. சுண்ணாம்பு வரும், பற்பசை வரும், ஓதின எண்ணெய் வரும். எல்லாவற்றையும் பூசினாள். சுண்ணாம்பு மட்டும் வேலை செய்தது. கொப்புளத்தோடு சேர்த்துத் தோலையும் உரித்தது. விளக்குமாற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அவள் வீட்டுப் பல்லிகள் அண்டை வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. கொப்புளம் பெயரவில்லை.

தொழில் தையல். முன் அறையில் மெஷின், சுவர் நிறைய அபாயாக்கள், வாயில் ஊசிகள். அளவெடுத்துத் துணியை மடிக்கும்போது குண்டூசிகளை உதட்டுக்கு நடுவே பிடித்துக்கொள்வது எல்லாத் தையல்காரரும் செய்வதுதான். ஆனால் கொப்புளம் வந்த நாட்களில் துணி கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள். "பிறகு வாறன் றம்லா, அவசரமில்ல" என்பார்கள். அவசரமில்லாதவர்கள் அடுத்த ஒழுங்கைத் தையல்காரியிடம் அன்றைக்கே துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஸாஹிர் கட்டாருக்கு வாகனம் ஓட்டப் போன பிறகு பல்லியின் கதை மாறிவிட்டது. அடுத்த வளவு முப்லிஹா, கிணற்றடியில் நின்று, வேலிக்குக் கேட்கிற அளவில் சொன்னாள்.

"புருஷன் வெளிநாட்டில. இவட உதட்டுல என்னவாம் புண்?"

றம்லா அப்போது முப்லிஹாவின் அபாயாவைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை, வாதாடவில்லை. பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து கால் வரை நேர்கோட்டில் வெட்டி, இரண்டு துண்டையும் வேலிக்கு மேலால் எறிந்தாள்.

"இந்தா, உனக்கு ஒண்டு, உன்ட நாக்குக்கு ஒண்டு!"

அதற்குப் பிறகு ஒழுங்கை மெதுவாகப் பேசியது. பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

அவள் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த காலம் என்றால் கொரோனாக் காலம்தான். ஊரே பூட்டிக் கிடந்தது, சாமான் இல்லை, ஸாஹிரின் சத்தம் தொலைபேசியில் கம்மியது. ஆனால் அத்தனை பேரின் வாயும் மூடியிருந்தது. கொப்புளம் வந்தது, போனது, யாருக்கும் தெரியாது. அரசாங்கம் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று சொன்ன அன்று ஊர் சந்தோஷப்பட்டது. றம்லா வானொலியைத் திட்டினாள்.

இப்படிப்பட்ட றம்லாவுக்குப் பிள்ளை இல்லை. அவளை ராத்தா என்று கூப்பிடும் தங்கச்சி ஷாகிராதான் பிள்ளை. உம்மா மவுத்தான பிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி, மெஷின் மிதித்துப் படிக்க வைத்து, றம்ஸீனுக்குக் கட்டிக் கொடுத்து, பின்வளவில் வீடு கட்டி இருத்தியவள் அவள்தான். ஷாகிராவின் வயிற்றில் இரண்டு தரம் தங்காமல் போனது. மூன்றாவது தங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டி எடுத்தார்கள், ஆண்பிள்ளை. றம்லா வாசலில் தூங்காமல் நின்றாள், வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள், ஓதினாள், தாதிமாரோடு சண்டை பிடித்தாள். பிள்ளையோடு கல்லடிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கீழுதட்டின் இடது ஓரம் சுள்ளென்றது.

மறுநாள் மேர்லின் மிஸ் வந்தாள். கல்லடியில் வீடு, பிள்ளை பிறந்த வீடுகளுக்கு ஸ்கூட்டியில் வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற மிட்வைஃப். பிள்ளையை நிறுத்தாள், கொப்பூழைப் பார்த்தாள், ஷாகிராவின் தையலைப் பார்த்தாள். கடைசியில், பிள்ளையை முத்தம் கொஞ்சக் குனிந்த றம்லாவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ராத்தா, தலைப்பை எடுங்க. உதட்டைப் பாப்பம்."

"என்னத்துக்கு மிஸ்? பல்லி நக்கினது."

"எந்தப் பல்லி? இது வைரஸ் ராத்தா. சின்ன வயசில ஆரோ உங்களைக் கொஞ்சேக்க தந்திட்டுப் போயிருப்பாங்க. பிறகு நரம்புக்குள்ள போய்ப் படுத்திரும். காய்ச்சல், வெயில், நித்திரையில்லாம, கவலை எண்டா எழும்பி வெளிய வரும். ஊரில பாதிப் பேருக்கு உள்ளுக்க இருக்கு. கனபேருக்கு வெளிய தெரியிறதில்ல, அவ்வளவுதான்."

"அப்ப பல்லி?"

"பல்லி பாவம்."

"பல்லி பாவமா? முப்பது வருஷமா விளக்குமாத்தோட படுத்தனான் மிஸ், அப்ப நான் ஆரு?"

மேர்லின் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இதைக் கேளுங்க. பெரியாக்களுக்கு இது ஒரு கொப்புளம். காஞ்சு விழுந்திரும். ஆனா இந்தப் பச்சைப்புள்ளைக்குப் போச்செண்டா மூளைக்கும் போகும், ஈரலுக்கும் போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாலும் தப்புறது லேசில்ல. கொஞ்சக் கூடாது. எச்சில் படக் கூடாது. நீங்க மட்டுமில்ல, வாயில புண்ணோட வாற ஒருத்தரும். கைய நல்லாக் கழுவுங்க, மாஸ்க்கைப் போடுங்க."

ஸ்கூட்டி போன பிறகும் றம்லா அதே இடத்தில் நின்றாள். கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றியது. தன்னைக் கொஞ்சினவர்கள் மேல் போகலாம் என்றால், அவர்களில் முக்கால்வாசிப் பேர் மையவாடிக் குழிகளில் கிடந்தார்கள். அங்கே போய்ச் சண்டை பிடிக்க முடியாது. ஒரு வார்த்தை சொல்லாத ஆஸ்பத்திரிகள் மேல், சுண்ணாம்பு தந்தவர்கள் மேல், துணியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் மேல், முப்லிஹா மேல் என்று அலைந்தது. கடைசியில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஷாகிராவின் வீட்டு முன்கதவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் முதலில் அவளைக் கடக்க வேண்டும்.

"வாயைக் காட்டு."

"என்னகா றம்லா, விளையாடுறியா?"

"காட்டுறியா, போறியா?"

யுத்த காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் அடையாள அட்டை பார்த்தவர்கள்கூட இவ்வளவு கிட்ட வந்து பார்த்ததில்லை. இருமினவள் வாசலோடு போனாள். உதடு வெடித்திருந்தவள் வெற்றிலை என்று சத்தியம் செய்தாள், அவளும் போனாள். றம்லா மட்டும் உள்ளே போகலாம் என்றில்லை. அவளும் அறைவாசல் வரைதான். அங்கே நின்று, மாஸ்க்குக்கு மேலால், பிள்ளையின் மூக்கு யாரைப் போல என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் சீலைகளைக் கழுவினாள், தன் கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். இவ்வளவு காலம் காத்திருந்த பிள்ளையை அவள் ஒரு தரம்கூடக் கொஞ்சவில்லை.

ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தார்கள். அப்ஹாம். ஆடு அறுத்துச் சமைத்தாயிற்று. மிச்சமிருந்தது ஈத்தம்பழம் என்கிற பேரீச்சம்பழம் மட்டும்.

அது பிறந்தவுடனேயே செய்ய வேண்டிய காரியம். ஈத்தம்பழத்தை வாயில் போட்டு நன்றாக மென்று, அதில் துளியை எடுத்துப் பிள்ளையின் அண்ணத்தில் தடவி துஆச் செய்வார்கள். தஹ்னீக் என்பார்கள். உம்மா செய்யலாம், வாப்பா செய்யலாம், நல்ல மனது உள்ள யாரும் செய்யலாம். றம்ஸீன் மட்டும் முதலாளிக்காகக் காத்திருந்தான். அவன் கவுண்டரில் நிற்கிற இரும்புச் சாமான் கடை சாலிஹ் ஹாஜியாருடையது. தன் கடையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஹாஜியாரே மென்று கொடுப்பார். அந்தப் படங்கள் எல்லாம் அவருடைய பேஸ்புக்கில் இருக்கின்றன. அவர் மென்று கொடுத்த பிள்ளைகள் ஒரு வகுப்பறையை நிரப்பும். இம்முறை அவர் கொழும்பில் நின்றுவிட்டதால், அல்லாஹ்வின் தூதர் காட்டிய நடைமுறை ஹாஜியாரின் பயணச்சீட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார். வெள்ளை ஜுப்பா, அத்தர், கையில் மடித்த கைக்குட்டை. ஸலாம் சொன்னார், கைக்குட்டை வாயில். உட்கார்ந்தார், கைக்குட்டை வாயில். கொழும்பு வெக்கையைப் பற்றிப் பேசினார், கைக்குட்டைக்கு உள்ளேயிருந்து.

வாசல் கதிரையில் இருந்த றம்லா எழும்பினாள். "ஹாஜியார், வாயை—"

"ராத்தா!" றம்ஸீன் பாய்ந்து வந்தான். "என்னை மானங்கெடுத்தாதங்க. அவர் என்ட முதலாளி. உள்ளுக்குப் போங்க."

உள்ளுக்குப் போனாள். ஆனால் திரைச்சீலையோடு நின்றுவிட்டாள். அந்தக் கைக்குட்டையை அவளுக்குத் தெரியும். சேலைத் தலைப்பாக, முக்காட்டு நுனியாக, அவள் ஆயுள் முழுக்கப் பிடித்திருந்த அதே பிடி. இரண்டு விரலில், உதட்டைத் தொட்டும் தொடாமலும்.

றம்ஸீன் ஷாகிராவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டு முன்மண்டபத்துக்கு வந்தான். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் தொலைபேசி. ஹாஜியார் பிஸ்மி சொல்லி, கைக்குட்டையை மடியில் வைத்து, பழத்தை வாயில் போட்டார். மென்றார். இனிப்பு ஓரத்தில் பட்டிருக்க வேண்டும். ஒரு கண் சுருங்கியது. வலது கடைவாயில், தாடி தொடங்குகிற இடத்தில், சிவந்து நீர் கோத்து, ஒரு கொத்து.

"நிப்பாட்டுங்க!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. திரைச்சீலை வளையங்கள் கிறீச்சிட, றம்லா ஆண்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

"வாயில புண்ணோட பச்சைப்புள்ளைக்கு மெண்டு குடுக்க வந்தீங்களா ஹாஜியார்?"

"ம்ம்?" என்றார் ஹாஜியார். பழம் பாதி மென்றபடி இருந்தது. பிள்ளைக்காக மென்றதை விழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது.

அவருக்காக மற்றவர்கள் பேசினார்கள். கொழும்புச் சூடு என்றார் ஒருவர். பயணக் களைப்பு என்றார் இன்னொருவர். முப்லிஹாவின் புருஷன் பாஹிம், சோற்றுச் சஹன் எப்போது வரும் என்று சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன், தீர்ப்பே சொன்னான்.

"ஹாஜியாருக்கு அது வெறும் சூடு ராத்தா. பெரிய மனிசரை இப்பிடிக் கதைக்கிறதா?"

"சூடு?" என்றாள் றம்லா. மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். காதுக் கயிறு அறுந்தது. "பாருங்க எல்லாரும். நல்லாப் பாருங்க! இது என்ட வாய். அது அவர்ட வாய். என்ன வித்தியாசம்? சொல்லுங்க! எனக்கு வந்தா பல்லி நக்கினது. எனக்கு வந்தா ஊசி பட்ட துணி ஹராம். எனக்கு வந்தா புருஷன் இல்லாத வீட்டுல என்ன நடக்குது எண்டு உன்ட பொஞ்சாதி கிணத்தடியில நிண்டு கேட்டாள், பாஹிம்! அவருக்கு வந்தா சூடு. கொழும்புச் சூடு! ஏன், அவர்ட உதட்டையும் ஒருக்காக் கேளுங்களன், எங்க போய் வந்தது எண்டு!"

"ம்ம்! ம்ம்!" என்றார் ஹாஜியார்.

"இந்தப் புள்ளைய நான் கொஞ்சல்ல. விளங்குதா? இதைப் பாக்கத்தான் நான் இவ்வளவு காலம் உசிரோட இருந்தனான், ஒரு கொஞ்சல் கொஞ்சல்ல. இது வைரஸ். இந்தச் சின்னனுக்குப் போனா மூளைக்குப் போகும். மவுத்தாப் போகும்! உங்கட படத்துக்கு என்ட புள்ள வேணுமா?"

றம்ஸீன் பிள்ளையையும் தொலைபேசியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிள்ளையா தொலைபேசியா எது கையிலிருந்து நழுவும் என்று தெரியவில்லை. அப்போது ஷாகிரா வந்தாள். வெட்டின வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். புருஷனிடமிருந்து பிள்ளையை எடுத்தாள். தட்டிலிருந்து ஒரு ஈத்தம்பழத்தையும் எடுத்தாள்.

"என்ட புள்ளைக்கு நான் மெண்டு குடுக்கிறன்," என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

மண்டபத்தில் இப்போது எல்லோரும் ஹாஜியாரின் வாயைப் பார்த்தார்கள். பேஸ்புக்கில் இத்தனை பிள்ளைகளுக்கு மென்று கொடுத்த வாய். துப்புவதற்கு இடமில்லை, கைக்குட்டையில் துப்பினால் அத்தர் வீண். ஹாஜியார் கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினார்.

"எனக்கு ஒரு வேலை இரிக்கு," என்றார். கைக்குட்டை மறுபடி வாய்க்குப் போனது. ஆட்டிறைச்சிக்கு அவர் நிற்கவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். சஹனைச் சுற்றி உட்கார்ந்து, றம்லாவின் வாயைப் பற்றிப் பேசிப் பேசி, எலும்பு வரை சாப்பிட்டார்கள். பாஹிம் இரண்டாம் தரமும் கறி கேட்டான்.

பின்னேரம் வந்த மேர்லின் மிஸ்ஸுக்கு ஷாகிரா கதையைச் சொன்னாள். "நீங்க தடவினதும் வேணாம் எண்டுதான் நான் சொல்லியிருப்பன். ஆரு கேக்கிறா," என்று மேர்லின் முணுமுணுத்தாள். பிறகு றம்லாவைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

அதற்கான விலையை றம்ஸீன் கொடுத்தான். கவுண்டரிலிருந்து சீமெந்து ஸ்டோருக்கு மாற்றப்பட்டான். பொழுதுபட வெள்ளை மனிதனாக வீட்டுக்கு வருவான். றம்லாவோடு பேச மாட்டான். ஊர் அவளுக்கு மாஸ்க் றம்லா என்று பெயர் வைத்தது. ஹாஜியாரின் பேஸ்புக்கில் பெரியோரை மதித்தல் பற்றி ஒரு நீண்ட பதிவு வந்தது. றம்லா அதைத் தொலைபேசியில் உரத்து வாசித்தாள், கட்டாரில் இருந்த ஸாஹிருக்கு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஏச்சோடு. அப்ஹாம் பால் குடித்தான், தூங்கினான், நிறை கூடினான். காய்ச்சல் என்று ஒன்று வரவில்லை. றம்லாவின் கொப்புளம் பொருக்குக் கட்டி விழுந்தது. கோபம் அப்படியே கிடந்தது. பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வயது ஏறட்டும் என்று மிஸ் சொன்னதால், கொஞ்சல் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ ஒன்று வாசலில் நின்றது. முகத்திரை போட்ட ஒரு பெண் துணிப்பையோடு இறங்கினாள்.

"அபாயா தைக்கணும்."

"அவசரமா?"

"ஓம்."

அளவெடுக்கக் கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் முகத்திரையைத் தூக்கினாள். நபீஸா, ஹாஜியாரின் மனைவி. மேலுதட்டில், பொருக்குக் கட்டிய ஒரு கொத்து.

றம்லா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் சின்ன மெத்தையில் குத்தினாள்.

"எப்ப இருந்து?"

"கல்யாணம் முடிச்ச வருஷத்தில இருந்து." நபீஸா திரையை மறுபடி பாதி இறக்கினாள். "எனக்கு வந்தா அவர் என்னோட ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிக்க மாட்டார். அருவருப்பாம். அவருக்கு வந்தா சூடு."

"அவர்தான் தந்திருப்பார் உங்களுக்கு!"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ அண்டைக்குச் சத்தம் போட்டதுக்குப் பிறகுதானே எனக்கே விளங்கிச்சு." கண் கலங்கியது. "றுக்ஷானாவுக்கு, என்ட மகளுக்கு, வாற மாசம் புள்ள கிடைக்கப்போகுது. மூத்த பேரப்புள்ள. அவர் இப்பவே ஈத்தம்பழம் மதீனாவில இருந்து எடுப்பிச்சு வச்சிரிக்கார். வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது றம்லா. நீ வந்து ஒருக்காச் சத்தம் போடு. அண்டைக்குப் போட்ட மாதிரி."

றம்லாவுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

"நான் வரணுமா? உங்கட வீட்டுக்கு? றம்ஸீன் சீமெந்து சுமந்து முதுகு வளைஞ்சு போய்க் கிடக்கான். நான் ஊருக்கெல்லாம் மாஸ்க் றம்லா. இனி உங்கட பேரப்புள்ளைக்கும் நான்தான் கத்தணுமா? கூலிக்குக் கத்துறவளா நான்? உங்களுக்கு வாய் இல்லையா?"

"இல்ல," என்றாள் நபீஸா. அப்படியே உண்மையாகச் சொன்னாள்.

அந்தப் பதில் றம்லாவை இன்னும் கோபப்படுத்தியது. அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். அளவுநாடாவைக் கழுத்திலிருந்து உருவி மேசையில் அடித்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து நபீஸாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் ஹாஜியார். ஈத்தம்பழம் மெண்டு கொண்டிரிக்கன். உங்கட மகள்ட புள்ள உங்கட கையில. சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"நிப்பாட்டுங்க எண்டு."

நபீஸா திரைக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள்.

"கேக்கல்ல. அதைத் தூக்குங்க முதல்ல. வாய் தெரியட்டும்."

திரை போனது. "நிப்பாட்டுங்க."

"அவருக்குக் காதும் கேக்காது. மெண்டு முடியுது. விரலை வாய்க்குள்ள விடுறார். புள்ளைட வாயைத் துறக்கிறார்—"

"நிப்பாட்டுங்க!"

சுவரில் தொங்கிய அபாயாக்கள் அசைந்த மாதிரி இருந்தது. நபீஸா தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே ஓட்டோக்காரன் என்ன என்ன என்று கேட்டான். பின்வளவில் அப்ஹாம் திடுக்கிட்டு வீரிட்டு அழத் தொடங்கினான்.

"ராத்தா!" ஷாகிராவின் குரல் வந்தது. "என்னகா அங்க சத்தம்? இப்பத்தான் புள்ள உறங்கினான்!"

"நானில்ல!" என்று றம்லா திருப்பிக் கத்தினாள். ஊசிகளை எடுத்து உதட்டுக்கு நடுவே வைத்தாள், ஒன்று, பிறகு இன்னொன்று. நாடாவை நபீஸாவின் தோளில் வைத்தாள். ஊசிகளுக்கு நடுவேயிருந்து சொன்னாள்:

"வாயைப் பொத்தாதங்க. இன்னொருக்கா."